கீழ்த்தட்டு

உர ஊழல். இரண்டு கோப்புகள்.
ஒரே லாரி எண், மணல் கலந்த ஒரே மூட்டை,
கையெழுத்து மட்டும் வேறு.

முன்னாள் அமைச்சரின் கோப்பு
வாரம் மூன்று முறை நீதிமன்றம் போய் வந்தது.
ஓரம் நைந்து
இருமுறை நூல் மாற்றித் தைத்துவிட்டேன்.
மற்றவர் மார்ச்சில் கட்சி மாறினார்.
அவருடையது கீழ்த்தட்டில்;
லிலோங்வேயின் செம்புழுதி
விரலால் பெயர் எழுதுமளவு.

‘என் கட்சிக்காரர்’ என்று வக்கீல் எழும்போதெல்லாம்
எந்தக் கட்சி என்று
திரும்பிப் பார்த்தது கூடம்.

தீர்ப்பன்று வாசலில் மேளம். நானும்தான் ஆடினேன்.
அவன் திருடன், அதில் சந்தேகமில்லை.
சலீமாவில் என் தம்பி மாவூட்டோவின் சோளம்
அந்த வருஷம்
முழங்காலுக்கு மேல் எழவேயில்லை.

இரவு தொலைபேசியில் சொன்னேன், உள்ளே போட்டுவிட்டார்கள் என்று.
கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான்.
“என் வயலில் கொட்டியது
யார் கையெழுத்துப் போட்ட மூட்டை, அக்கா?”

எனக்குத் தெரியும்.
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பரில் தேர்தல்.
இன்று காலை பார்க்கிறேன்,
கீழ்த்தட்டை யாரோ துடைத்திருக்கிறார்கள்.

நூல்கண்டு மிச்சமிருக்கிறதா என்று
மேசையைத் திறந்தேன்.