ஏழாவது வீட்டுப் பூட்டு

கீழக்கரையில் பதினோரு வீடுகள்
என் இடுப்புக் கயிற்றில் தொங்குகின்றன.
ஷார்ஜாக்காரர் ஆறு, கோலாலம்பூர் நாலு,
ஹாங்காங்கில் ஒருத்தர்.
சனிக்கிழமை தோறும் திறந்து
சன்னலைக் காற்றுக்குக் காட்டி
கட்டில் மேல் படிந்த உப்பைத் துடைத்து
பூட்டிவிட்டு வருவேன்.
வீட்டுக்கு முந்நூறு ரூபாய்.
பல்லிகளுக்கு என்னைத் தவிர ஆள் தெரியாது.

போன மழைக்கு
தம்பி மகன் ஜெமீல் பார்சலில் அனுப்பினான்
ஒரு கண்ணாடிப் பூட்டும் தட்டுச்சாவியும்.
உள்ளே எல்லாம் தெரிகிறது:
ஐந்து குழி, குழிக்கு இரண்டு ஊசி,
பேனாவில் இருப்பதுபோல் ஒரு ஸ்பிரிங்
மேலிருந்து அமுக்கிக்கொண்டு.
"சும்மா பொழுதுபோக்கு மாமி,
ஆனா கதவுல தொங்குற பூட்டுல கை வைக்கக்கூடாது,
அது நம்மளதா இருந்தாலும்" என்றான்.

முதல் வாரம் ஓங்கி அடித்தேன்.
பூட்டு அப்படியே இருந்தது,
சாவி வளைந்தது.
அடுத்த வாரம் மெதுவாய்த் தட்டினேன்,
திருப்புகிற விரல் முந்திக்கொண்டது.
புட்டு வேகும் நேரம், சோறு வடியும் நேரம்,
கரண்ட் போன நேரமெல்லாம்
டொக் டொக்.
பக்கத்து வீட்டு ருக்கியா
மரவட்டை கொத்துகிற கோழி என்று நினைத்தாளாம்.

அஸருக்குப் பிறகு ஒருநாள்
மொட்டை மாடியில் பையன்கள் கேரம் ஆடினார்கள்.
ஸ்டிரைக்கர் மோதி நின்றுவிடுகிறது,
காய்தான் ஓடுகிறது.
இவ்வளவுதானா!
கீழ் ஊசி இருந்த இடத்தில் இருக்க
மேல் ஊசி துள்ளும்,
இரண்டுக்கும் நடுவே
மீன் செவுள் ஒருமுறை விரியும் நேரம்.
விரல் அப்போது அங்கே இருக்கவேண்டும்,
இருப்பது தெரியாமல்.

அன்று இரவே திறந்தது.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு தெருவில் நடந்தால்
பூட்டுகள் மட்டும்தான் கண்ணில் பட்டன.
உறங்குகிறவர் முகத்தை
உற்றுப் பார்த்துவிட்டதுபோல் கூசியது.
இடுப்புக் கயிறு
அதே பதினொன்றுதான்,
நடக்கும்போது ஏனோ உரசியது.

பங்குனியில் ஜெட்டியில்
ஊளி மீனுக்குப் பேரம் பேசிக் குனிந்தேன்.
கயிறு தளர்ந்து ஏழாவது சாவி
பலகை இடுக்கில் போயிற்று.
தண்ணீர் ஒரு சத்தமும் போடவில்லை.

லுஹர் நேரம். தெருவில் ஈ காக்கை இல்லை.
பித்தளையில் பச்சை பூத்த சின்னப் பூட்டு,
எனக்கு ஆறு தட்டு, மிஞ்சினால் எட்டு.
திறந்து, புதுப் பூட்டு மாட்டிவிட்டால்
எவருக்குத் தெரியப்போகிறது?
தட்டுச்சாவி முந்தானையில் முடிந்திருந்தது.
எப்போது முடிந்தேன்?

படியில் உட்கார்ந்து
பக்கீர் லெப்பைக்குப் போன் போட்டேன்.
"அமானிதத்தைத் தொலைச்சிட்டேன் வாப்பா."
ஷார்ஜா ஏசி இரைவது கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.
அப்புறம், "உடைச்சிருங்க லாத்தா" என்றார்.

டீக்கடைக் கமர்தீனைக் கூப்பிட்டேன்,
ருக்கியாவையும் கூப்பிட்டேன்.
சம்மட்டி கமர்தீன் கையில்.
பதினாலு அடி.
காகங்கள் எழும்பின, மூன்று மாடியிலிருந்து
தலைகள் எட்டிப் பார்த்தன.
பார்க்கட்டும்.
இன்னும் ஓங்கி அடி என்றேன்.

புதுப் பூட்டுக்கு மூன்று சாவி.
ஒன்றை ருக்கியாவிடம் கொடுத்தேன்.
"எனக்கெதுக்கு?" என்றாள்.
வச்சிரு என்றேன்.

உடைந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து
இரவு லைட் அடியில் பிரித்தேன்.
ஸ்பிரிங் இருந்த குழிகளில்
சிவப்புப் பொடி.
ஊசிகள் சும்மா உருண்டன.
தட்ட வேண்டியதே இல்லை,
ஒரு ஹேர்பின் போதும்,
எத்தனை வருஷமாகவோ.

பக்கீர் லெப்பையிடம்
இதை இன்னும் சொல்லவில்லை.