எல்நாத்தான் குரோவரின் கடிதப் பேரேடு

ஒரு கால் பூட்ஸில், ஒரு கால் கம்பளியில்,
பெருவிரல் வீக்கத்தைச் சபித்தபடி
அறையை அளந்துகொண்டே சொல்வார் ஐயா.
நான் எழுத வேண்டும்.
அசாகேல் விக்ஸ், வயது பத்தொன்பது,
வாரத்துக்கு ஐந்து ஷில்லிங், மெழுகுவர்த்தி என் செலவில்.

கனெக்டிகட் ஆறு கல்லாய்க் கிடந்த ஜனவரி.
மைக்கூட்டைக் கணப்பின் பக்கத்தில் வைத்திருந்தேன்,
அதுவும் ஒரு நோயாளி போல.

முதலில் ஆளுநருக்கு:
புதிய சாசனத்தை நம் மாநிலம் ஏற்க வேண்டியதன்
பதினொரு காரணங்கள்.
நான்காவதில் நின்று, "விக்ஸ், வெல்லப்பாகு வந்ததா?" என்றார்.
வரவில்லை என்றேன்.
ஐந்தாவது காரணம் கொஞ்சம் கோபமாக வந்தது.

பிறகு பக்கத்துப் பண்ணை ஒபதியா ஸ்டெபின்ஸுக்கு:
உமது பன்றி, என் டர்னிப் குழி,
இது மூன்றாம் முறை,
நான்காம் முறை அது பன்றியாகத் திரும்பாது.

பிறகு ஹார்ட்ஃபோர்டு மருந்துக்கடைக்கு,
பிறகு கடலோடிப் போன மூத்த மகனுக்கு:
தேதி, ஊர், "அன்பு மகனே",
அதற்கு மேல் அந்தத் தாள் நகரவில்லை.

"கணக்கை வாசி" என்றார்.
வாசித்தேன்.
உப்புக் கண்டம், ஒரு பீப்பாய்.
தேவாலயத்தில் முன்வரிசை இருக்கை, ஆண்டு வாடகை.
பைன் பெட்டி, மூன்றரை அடி.
ஆணி, ஒரு பவுண்டு.
உள்ளே கெசியா அம்மாவின் ராட்டை நின்றது.
ஐயா சன்னலில் படிந்த உறைபனியை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார், வெகுநேரம்.
"அத்தனை ஆணியும் ஆகியிருக்காது" என்றார்.
"மிச்சத்தைக் கழித்துக்கொள்."

வரிப் பட்டியலும் என் கையெழுத்துதான்.
பசு, நான்கு.
வைலட், ஒன்று.
சுவர்க் கடிகாரம், ஒன்று.

அவள்தான் அந்நேரம் சூடான செங்கல்லைத்
துணியில் சுற்றி அவர் காலடியில் வைக்க வந்தாள்.
ஆளுநர் கடிதம் மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது.
ஐயா சொன்னபடி, சுதந்திரம் வரும் இடமெல்லாம்
முதலெழுத்தைத் தடித்துப் போட்டிருந்தேன்.
"இது மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு?"
சொல்லை வாசித்துக் காட்டினேன்.
"மை நிறைய ஆகுமே" என்றாள்.
சாம்பலை வாரிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் என் கை என்னிடம் இல்லை.
உறைகள் மாறின.

ஆளுநர் பெருந்தன்மையாகப் பதில் எழுதினார்,
வேலியைப் பலப்படுத்தச் சொல்லி.
ஒபதியாவோ
படகுத்துறை மதுக்கடையில் மேஜைமேல் ஏறி
பதினொரு காரணங்களையும் உரக்க வாசித்தான்,
பன்றி எந்தக் காரணத்தில் வருகிறது என்று தேடியபடி.
சிரிப்பில் கூரைப் பனி சரிந்ததாம்.
ஏழாவது காரணத்தில் சிரிப்பு நின்றதாம்.
"மனிதன் எவனும் இன்னொருவன் கைப்பொருளாய்ப் பிறப்பதில்லை."
எழுதியபோது எனக்கு அது
ஒரு நீளமான வாக்கியம், அவ்வளவுதான்.

ரம் ஜாடியை நிரப்ப அங்கே போயிருந்தவள்
ஜாடியோடு திரும்பி வந்தாள்.
அளவு சரியாக இருந்தது.
ரொட்டி மாவு பிசைந்தாள், ஈரத் துணியால் மூடினாள்,
ஐயாவின் காலுக்குச் செங்கல் வைத்தாள்.

காலையில் மாவு பொங்கி வழிந்து கிடந்தது.
ஆற்றின் மேல் அக்கரை வரைக்கும்
ஒற்றை வரிசைக் காலடி.

"விளம்பரம் எழுது" என்றார் ஐயா.
"ஓடிப்போனவள். உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.
பழுப்புக் கம்பளிப் பாவாடை.
பிடித்துத் தருவோருக்கு..."
தொகையில் நின்றார்.
ஆளுநருக்கு ஒரு காரணத்திலும் அப்படி நின்றதில்லை.

கணப்பில் நெருப்பில்லை. மூட்டுகிறவள் இல்லை.
மைக்கூட்டைக் கவிழ்த்துக் காட்டினேன்.
உறைந்துவிட்டது, ஐயா.

ஓரத்தில் கொஞ்சம் இளகித்தான் இருந்தது.