எழுபத்தெட்டும் ஒரு கையேடும்

மூடி இறுக்கம். நகம் நுழைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.
அரை மதிப்பெண் போயிற்று.
சீட்டு நல்ல கனம்;
கலைத்தால் புறா எழும்புகிற சத்தம்,
ஆனால் என் கைக்குப் பெரிது.
ஓரத்துப் பொன்பூச்சு விரலில் ஒட்டி
இரவு தின்ற கறுப்பு ரொட்டியில் மினுங்கியது.
அதையும் எழுதிக்கொண்டேன்.

தார்த்துவில் ஜனவரி. மூன்றரைக்கே விளக்கு.
ஹெல்வேயின் கடைக்கு இருபது பெட்டி எடுக்கலாமா,
சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.
பதினோரு ஆண்டில் இது நாற்பத்து மூன்றாவது டாரட் கட்டு.
தேவதைகள், பூனைகள், காளான்கள்,
ஒருமுறை முழுக்க முழுக்கத் தேநீர்க் கெண்டிகள்.

படங்கள் மாரெட். எழுத்து இல்லிமார்.

மாரெட்டுக்குக் கை இருக்கிறது.
தலைகீழாய்த் தொங்குபவனைப்
புகைபோடக் கோத்த மீன்களுக்கு நடுவே வரைந்திருக்கிறாள்;
அந்த வரிசையில்
அவன் ஒருவன்தான் கண் சிமிட்டுகிறான்.
கோபுரம் என்பது பழைய கூட்டுப்பண்ணையின் தண்ணீர்த் தொட்டி.
இடி விழுந்து செங்கல் சரிகிறது,
உச்சியில் நாரை முட்டையை விட்டு எழவில்லை.
பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்டேன்.
காபி ஆறினால் என் கணக்கில் ஒன்றரை மதிப்பெண்.

கையேடு மெலிசு. கம்பி தைத்தது.
சாம்பல் தாளில் சாம்பல் எழுத்து, கண் வலிக்கிறது.
நாரைக்கு இல்லிமார் ஒரே வரிதான் தருகிறார்:
"பிடிவாதமா பக்தியா என்று அதனிடம் கேட்காதீர்கள்."
பெரிய சீட்டுகள் இருபத்திரண்டிலும்
படமும் எழுத்தும் ஒரே குடையில் நடக்கின்றன.

கோப்பைகளில் ஆரம்பிக்கிறது தகராறு.
கோப்பை இரண்டுக்குக் கையேடு சொல்கிறது,
"இருவரும் ஒரே கோப்பையில் குடிக்கிறார்கள்."
படத்தில் ஆளே இல்லை.
மேசை. கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகள்.
ஒன்றுக்குக் கைப்பிடி போய்விட்டது.
கோப்பை ஆறு: "தோட்டத்தில் பிள்ளைகள்."
தோட்டம் மட்டும் இருக்கிறது, அதுவும் உழுதுபோட்டது.

பக்கம் மாறியிருக்குமோ என்று முன்னும் பின்னும் புரட்டினேன்.
மாறவில்லை.
எழுத்து வீட்டிலேயே இருக்கிறது,
படம்தான் கிளம்பிப் போயிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் இரண்டு முகவரிகள்:
ஒன்று ஆற்றுக்கு அக்கரை, ஒன்று ஹீயுமா தீவு.
முன்னுரையில் "நாங்கள்" ஒன்பது தடவை.
நன்றியுரையில் "நான்".
எண்ணுவது என் தொழில். மன்னிக்கவும்.

முரண்பாட்டுக்கு இரண்டு மதிப்பெண் கழித்தேன்.
பிறகு, எல்லாக் கட்டிடமும் நான் கேட்கும் அதே கேள்வி:
வாசல் கதவைப் பூட்டினேனா?
பெரிய கேள்விக்கு எந்தச் சீட்டும் அழகாய்ப் பேசிவிடும்,
சின்னதில்தான் சாயம் வெளுக்கும்.
தேவதைகள் அன்பு என்றன. கெண்டிகள் பொறுமை என்றன.
பூனைகள் வேறு ஏதோ.

வந்தது கோப்பை எட்டு.
எட்டுக் கிண்ணங்களிலும் பனி நிரம்பிக் கிடக்க
வெளியைக் குறுக்கே வெட்டி ஒரு வரிசைக் காலடி.
கையேடு: "அவள் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்."

பூதக்கண்ணாடி எடுத்தேன்.
குதிகால் எந்தப் பக்கம், விரல் எந்தப் பக்கம்.
போகின்றன தடங்கள். சந்தேகமே இல்லை.
ஆனால் பின்னால் விட்ட வீட்டின் ஜன்னலில்
கடுகளவு மஞ்சள்.
அச்சில் சிந்திய மையா, மாரெட் வைத்த விளக்கா?
நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன், பதினோரு ஆண்டில் முதல்முறையாக.
கதவு பூட்டித்தான் இருந்தது.
இருந்தும் திறந்து
படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.
குளிர் கணுக்கால்வரை ஏறியது.

ஹெல்வேக்கு எழுதினேன்:
இருபது எடு.
மூடி இறுக்கம் என்று வாங்குகிறவர்களிடம் முன்பே சொல்.
அடுத்த பதிப்பில் திருத்துவார்களா என்று
அவர்களில் யாரிடமும் கேட்காதே.
கழித்த இரண்டை நான் திருப்பிப் போடவில்லை.
மாதிரிக் கட்டைத் திருப்பித் தரவும் முடியாது,
அதில் ஒரு சீட்டு குறைகிறது.