காலிக் குளத்தில் டென்சில்

அடிலெய்டுக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம்
குளங்களை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.
நீலமும் சாம்பலுமாய்ப் பதினோரு குளங்கள்
கழுவிச் சாத்திய தட்டுகளைப் போல
ஒருக்களித்து நிற்கின்றன.
பின்பக்கம் மட்டும் சொரசொரப்பு;
அது மண்ணுக்கு.

போர்ட் பிரியிலிருந்து இரண்டரை மணி நேரம்.
டென்சிலின் சட்டைப் பையில்
கொல்லையை அளந்த தக்காளிக் கயிறு.
மூன்று முடிச்சு:
ஒன்று எலுமிச்சை மரம், ஒன்று துணிக்கொடிக் கம்பம்,
ஒன்று எதற்கென்று அவருக்கே மறந்துவிட்டது.

ஸ்பைரோ நல்ல பையன்.
காதுமடல் வெயிலில் தோலுரிந்திருக்கிறது.
சிமென்ட் என்றால் நாலு மாதம்,
வினைல் விரித்தால் நாய்நகம் ஆகாது,
இதுவோ ஒரே வார்ப்பு, ஒரே ஓடு,
லாரியில் வரும், கிரேனில் இறங்கும் என்றான்.
விரற்கணுவால் தட்டிக் காட்டினான்.
பூசணி வாங்குகிறவளைப் போல
நானும் தட்டிப் பார்த்தேன்.
என்ன சத்தம் வரவேண்டுமென்று தெரியாது,
ஆனாலும் தலையாட்டினேன்.

நிறச் சில்லுகளைக் கையில் விரித்தேன்.
நள்ளிரவுக் கடலாம், ஈரக் கூழாங்கல்லாம்.
"தண்ணி ஊத்தினா எல்லாம் ஒண்ணுதான்" என்றார் டென்சில்.
அவர் கேட்டது ஒரே கேள்வி:
"எதுவரைக்கும் நிக்கலாம்?"

தரையில் கிடந்தது காட்சிக் குளம் ஒன்று.
எட்டு மீட்டர், மூன்று படி.
"பூட்ஸைக் கழட்டிட்டு இறங்கிப் பாருங்களேன்."

இறங்கினார்.
சாம்பல் நிறக் காலுறை, ஒன்றில் ஓட்டை.
கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று
இல்லாத தண்ணீர் ஏறியது அவர்மேல்.
சரிவு தொடங்குமிடத்தில்
கை போய் விளிம்பைப் பற்றியது.
முகவாயைத் தூக்கிக்கொண்டார்.
மூச்சை அடக்கினார்.
காலடியில் ஒரு யூகலிப்டஸ் சருகு
நகராமல் கிடந்தது.

முப்பத்தொரு கோடை.
கடற்கரையில் துண்டுகளுக்குக் காவல்,
கார்ச்சாவிக்குக் காவல்,
தூண்டிலைப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா என்பார்,
ஜெல்லி மீன் காலம் என்பார்.
பிள்ளைகள் இரண்டுக்கும் நீச்சல் பழக்கியது நான்.
சோம்பேறி மனுஷன் என்று
என் தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.
ஈய உருக்காலையில், உலையின் வாயருகே
வேலைக்காலம் முழுக்க நின்றவர்
எதற்காவது பயப்படுவார் என்று
யாருக்குத் தோன்றும்?

ஸ்பைரோ ஆழமான முனையில் நின்று
பம்பின் குதிரைத்திறனைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
டென்சில் என்னைப் பார்த்தார்.
நான் நிறச் சில்லுகளைப் பார்த்தேன்.

"என் முட்டிக்குச் சரிவு ஆகாது,
சமதரையா ஏதாவது உண்டா?" என்றேன்.
என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை.
உண்டாம். ஆறரை மீட்டர், மார்பளவு,
ஒரு பக்கம் முழுக்க உட்கார மேடை.
"அவளுக்காகத்தான்" என்றார் டென்சில்
விளிம்பை விட்ட கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.
சொட்டுத் தண்ணீரில்லாத குளத்தில்
அந்தக் கை நனைந்திருந்தது.

கையெழுத்துப் போடும்போது ஸ்பைரோ எச்சரித்தான்:
ஒருபோதும் முழுசாக இறைத்துவிடாதீர்கள்.
நல்ல மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் முட்டினால்
காலி ஓடு படகு போல எழும்பிவிடும்.
உள்ளே கிடக்கிற தண்ணீர்தான்
அதை இடத்தில் பிடித்து வைக்கிறது.
டென்சில் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கிரேன் வந்தது.
தகரக் கூரைக்கு மேலே, ஆன்டெனாவைத் தாண்டி
எங்கள் குளம் மெல்லப் போயிற்று.
பக்கத்து வீட்டு ஒர்னெல்லா
வேலியருகே வாளியைக் கவிழ்த்து, ஏறி நின்று
படம் பிடித்தாள்.
இரண்டு நாள் குழாய் திறந்தே இருந்தது.
டென்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்,
மடியில் துண்டு.

இரண்டாம் இரவு
சமையலறை விளக்கை அணைக்கப் போனவள்
ஜன்னலில் பார்த்தேன்:
முதல் படியில் ஒரு கால்.
கொஞ்ச நேரம் கழித்து மறுகால்.

விளக்கை அணைக்கவில்லை.
தொட்டிப் பக்கம் திரும்பி
கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து
மறுபடி கழுவத் தொடங்கினேன்,
சத்தமாக.