ஏப்ரல் ஒன்றுக்குப் பதினாறு நாள்

தொலைபேசியை எடுத்ததும் லூசியன் திபோ
வணக்கம் சொல்லவில்லை.
"ஒன்பது அங்குலம்" என்றார்.
குழியின் விளிம்புக்கும் சாணக் கரைசலுக்கும் நடுவே
என் கணக்கில் ஒரு சாண்.

வெர்மான்ட் சட்டப்படி
டிசம்பர் பதினைந்தில் தொடங்கும் ராகு காலம்
ஏப்ரல் ஒன்றில்தான் விலகும்.
அதுவரை வயலில் ஒரு வாளிகூட ஊற்றக்கூடாது.
மாடுகளிடம் இதை யாரும் சொல்லவில்லை.
நூற்று நாற்பதும்
பனியிலும் தின்கின்றன,
தின்றதைப் பின்னால் தள்ளுகின்றன,
ஞாயிற்றுக்கிழமையும்.

நான் வேளாண் துறையின் ஆள்.
கையில் அளவுகோல், காலில் ரப்பர் பூட்ஸ்,
பெயர்ப்பட்டையில் இடம் போதாமல்
பாதியில் நின்றுபோன 'மங்கையர்க்'.

வயலைக் குத்திப் பார்த்தேன்.
கம்பி 'ணங்' என்றது.
இதன்மேல் ஊற்றினால் மண் குடிக்காது.
முதல் வெயிலுக்குக் காத்திருந்து
ஓடைக்கு இறங்கும்,
ஓடையோரம் ஹேசல் வீட்டுக் கிணற்றுக்கும்.

போன வசந்தத்தில் அந்தத் தண்ணீரை
நான்தான் குப்பியில் பிடித்தேன்.
நைட்ரேட் எண்ணை வாசித்துக் காட்டியபோது
அவள் இடுப்பிலிருந்த குழந்தை
என் பேனாவைப் பிடித்து இழுத்தது.
எந்த வயலிலிருந்து வந்தது என்று
அவள் கேட்கவில்லை.
மேட்டில் இருப்பது ஒரே வயல்.

"ஓர் ஏக்கருக்கு விலக்குக் கொடு" என்றார் லூசியன்.
"விண்ணப்பம் போடுங்கள். பதில் வரப் பத்து நாள்."
"அதற்குள் குழியே பதில் சொல்லிவிடும்."
சிரித்தோம்.
இருவர் வாயிலிருந்தும் வெறும் ஆவி.

ஆரின் பெக்கின் நினைவு எனக்குத்தான் வந்தது.
குன்றுக்கு அந்தப் பக்கம்.
நவம்பரில் நாற்பது மாடுகளையும் விற்றவர்.
குழி காலி.
ஒரு வேலித் தகராறில்
இவரோடு பேச்சு நின்று பதினோரு வருடம்.

"அவன் ஏன் கேட்கவில்லை?" என்றது தொலைபேசி.
"நான் கேட்கிறேனே."
நெடுநேரம் குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.
"வாயில் திறந்திருக்கும்.
வண்டியை விட்டு அவன் இறங்கக் கூடாது."

பன்னிரண்டு நடை டேங்கர்.
சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள்;
ஐந்தாவது நடையில் வண்டி நிஜமாகவே சறுக்கி
ஒரு மேப்பிள் மரத்தில் சாய்ந்து நின்றது.
ஆரின் சங்கிலி கொண்டுவந்தார்.
லூசியன் இறங்கவில்லை.
சொன்ன சொல் சொன்னதுதான்.

இருட்டில் குழாய் இருமியது,
பிறகு கறுப்பாய்க் கக்கியது.
நான் மஃப்ளரால் மூக்கை மூடிக்கொண்டேன்.
ஆரின் டார்ச்சோடு விளிம்பில் நின்று
மோந்து பார்த்தார்.
"மக்காச்சோளம் அதிகம் போடுகிறான்.
மாட்டுக்கு வயிறு சரியில்லை."
"போய்ச் சொல்லட்டுமா?"

பதில் இல்லை.
என் படிவத்தில் 'அகற்றிய விதம்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
விரல் மரத்துப் பேனா ஓடவில்லை.
நிமிர்ந்தபோது
ஆரின் பெக் வண்டியருகே நின்று
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்,
ஒரு விரலால்,
கொஞ்சம் கோபமாக.

லூசியன் குழியில் இப்போது
இரண்டு சாண்.