கண்டுபிடி

சேமலாப நிதிப் பெயர்ப்பட்டியல்
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமாய்
போனுக்கு வந்தது,
பெரட்டுக்களத்தில் நிற்கும்போது.
பொழுது சாய, கீழ்ப்பிரிவு லயத்தில்
ஆளுக்காள் பெருவிரலால் தேய்த்தார்கள்.
தேய்க்கத் தேய்க்க எழுத்து ஓடியது
மழைக்குப் பிறகு கானில் ஓடும் தண்ணீராய்.
நாற்பதாம் பக்கத்தில் தவமலருக்குக் கண் பூத்தது.
நூற்றுப்பத்தில் சந்தனசாமியின் சார்ஜ் முடிந்தது.
"நம்ம பேரு இருக்காது" என்று
மூன்று பேர் ஒரே மூச்சில் முடிவு கட்டினார்கள்.

பூண்டுலோயா கொமினிகேசனில்
ஒரு பெயர் தேட நூறு ரூபாய்.
இல்லை என்று சொல்வதற்கும்
அதே நூறு.

நான் ஆறு சனிக்கிழமை
வாசிகசாலையின் பழைய கொம்பியூட்டர் முன்
உட்கார்ந்து எழுந்தவள்.
மௌஸை இரண்டு தரம் தட்டச் சொன்னால்
கொழுந்து கிள்ளிய விரல்
நாலு தரம் கிள்ளிவிட்டுத்தான் நிற்கும்.
படித்தது கொஞ்சம்.
எழுதியதைச் சேமிப்பது,
சேமித்த இடத்தை மறக்காமலிருப்பது,
தேடுவது.
கடவுச்சொல்லாகப் புருசன் பெயரை வைக்கக் கூடாதாம்.
வைக்க எனக்குத் தோன்றவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கித் திறந்தேன்.
கன்ட்ரோலைச் சுண்டுவிரலால் அமுக்கிக்கொண்டு
எஃபைத் தொட்டால்
மேல் மூலையில் ஒரு பெட்டி திறக்கும்,
தீப்பெட்டி அளவு.
தமிழில் என் பெயரை அடித்தேன்.
பூச்சியம்.
பட்டியலோ ஆங்கிலம்.
அடையாள அட்டையில் உள்ளபடி அடித்தேன்.
பூச்சியம்.
பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி.
பூச்சியம்.
"அப்பவே சொன்னோமே" என்றது
கதவடியில் நின்ற கூட்டம்.

கொம்பியூட்டர் பொய் சொல்லாது என்பார்கள்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்,
அவ்வளவுதான்,
கந்தோர் கிளாக்கரைப் போல.
கேள்வியை மாற்றினேன்.
பெயரை விட்டுவிட்டு
அடையாள அட்டையின் கடைசி நாலு எண்:
ஏழு, பூச்சியம், மூன்று, எட்டு.

அது யோசிக்கவேயில்லை.
நூற்று எண்பத்தாறாம் பக்கம்.
மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது ஒரு வரி.

எந்தக் கிளாக்கரோ, எந்த வருடமோ,
மனோன்மணியை ஆங்கிலத்தில் எழுதும்போது
மணி வருகிற இடத்தில்
காசுக்கு அவர்கள் எழுதும் சொல்லையே எழுதியிருக்கிறார்.
வாய்விட்டுப் படித்தால்
கிட்டத்தட்ட நான்தான்.
இருபத்திரண்டு வருடமாய்
என் பெயரின் வாலில் காசைக் கட்டிவிட்டு
காசை வேறெங்கோ வைத்திருக்கிறார்கள்.
சிரித்தேன்.
பிறகுதான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன்.
ஆண் என்றிருந்தது.

இருட்டும்வரை எண்களாய்க் கேட்டோம்.
சந்தனசாமிக்கு ஒரு சாமி குறைந்திருந்தது.
தவமலர் இரண்டு இடத்தில் இருந்தாள்,
இரண்டு பிறந்த தேதியோடு.
செத்து மூன்று வருடமான காத்தாயி
ஒரு பிழையுமில்லாமல் இருந்தாள்.
அவள் மகன் அந்த வரியைப் படம் பிடித்துக்கொண்டு
ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனான்.
வெள்ளையம்மாவுக்கு மட்டும்
எப்படிக் கேட்டாலும் பூச்சியம்.
அதுவும் ஒரு பதில்தான் என்றேன்.
அதை வைத்தும் ஒரு கடிதம் எழுதலாம்.
அவள் நம்பவில்லை.

திருத்தக் கடிதத்தை நானே தட்டினேன், ஒற்றை விரலால்.
முதல் கடிதம் கரண்டோடு போனது.
இரண்டாவதை
வரிக்கு வரி சேமித்தேன்,
அடுப்புக்கு விறகு தள்ளுவதுபோல்
நினைவு வரும்போதெல்லாம்.

அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு
என் பெயரை அடித்தேன்.
அட்டையில் உள்ளபடி,
சான்றிதழில் உள்ளபடி,
காசு கட்டிய வாலோடு,
கடைசியாகத் தமிழில்.

எவர் தேடினாலும்
எப்படித் தேடினாலும்
கிடைக்கட்டும்.