கொணவட்டத்தில் என் பட்டறை

"சத்தம் இருந்தாதாண்ணே லாரிக்காரன் ஒதுங்குவான்"
என்றான் இம்தாதுல்லா.
சைலன்சரைக் கழற்றி
காதைக் கிழிக்கிற குழாயை மாட்டினேன்.
கூலி நானூறு. பேரம்கூடப் பேசவில்லை.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
முன்னால் சிமெண்ட் லாரி,
கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் பாட்டு.
பின்னால் ஆம்பூர் பஸ்,
மூன்று முறை ஹாரன் அடித்ததாம்.
நடுவில்
அவன் சத்தத்துக்குள் அவன்.

குழாயின் வாய் பின்பக்கம்தானே?
கடந்துவந்த கரும்புக்காட்டுக்கு
நன்றாகவே கேட்டிருக்கும்.

இன்று வந்திருக்கிறான்,
முழங்கையில் கட்டு, டேங்க்கில் நசுங்கல்.
"இதைவிடச் சத்தமா ஏதாச்சும் இருக்காண்ணே?"

கண்ணாடி இல்லாத ஹேண்டில்பாரைத் தொட்டுக் காட்டி
ஏதோ சொன்னேன்.
"என்னது?" என்றான்,
என்ஜினை அணைக்காமலே.